கொள்ளிடத்தில் கரையாதது

பெரம்பலூரில் இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, நான் டாக்டர் இல்லை என்று சொன்னது. பஸ் நிலையத்தில் எனக்காகக் காத்திருந்த ஆரோக்கியமேரி "வாங்க டாக்டர்" என்றபடி பையை வாங்கிக்கொண்டார். பாடநூல் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன் என்றேன். பையை அவர் திருப்பித் தரவில்லை, ஆனால் நடை கொஞ்சம் மெதுவாயிற்று.

"அப்ப உங்கள எதுக்குங்க அனுப்புனாங்க?"

நியாயமான கேள்வி. சென்னையில் உள்ள ஓர் உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவில் நான் உறுப்பினர். மனிதரின் ரத்தம், தோல், திசு எதை வைத்து ஆய்வு செய்தாலும் அந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மருத்துவர், விஞ்ஞானி, வழக்கறிஞர் ஆகியோரோடு, இவர்களில் யாருமல்லாத சாதாரண ஆள் ஒருவரும் குழுவில் இருந்தாக வேண்டும் என்பது விதி. அந்த ஆள் நான். தெரியாது என்பதையே தகுதியாக வைத்துக் கொடுக்கும் பதவி, எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.

வந்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். குரும்பலூருக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூர்க்காரர் செல்வராசு. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். அடிக்கடி மயக்கம் வந்து சென்னைக்கு அனுப்பப்பட்டபோது, இதயத் தசையில் பரம்பரையாக வரும் கோளாறு என்று கண்டார்கள். நோயை ஆராய்வதற்காகக் கையிலிருந்து கொஞ்சம் தோல் எடுக்க அவரே கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஊர் திரும்பி மறுபடியும் லாரி ஏறினார். ஒருநாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். அவருடைய தோலின் உயிரணுக்கள் இறக்கவில்லை. சென்னையில் கண்ணாடித் தட்டுகளில் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

அவற்றை இதய உயிரணுக்களாக மாற்ற முடியும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். அப்படி மாற்றினால், அந்த வம்சத்து இதயம் எங்கே தடுமாறுகிறது, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்கலாம். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களோடு பகிரவும் விரும்புகிறார்கள். இதற்கெல்லாம் செல்வராசு சம்மதம் தரவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை, இனிக் கேட்கவும் முடியாது. ஆகவே குடும்பத்தைக் கேட்டோம். 'வேண்டாம், எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள்' என்று பதில் வந்தது. சொன்னவர் மனைவி அல்ல, அண்ணன் மகன். ஏன் அவர் என்று குழுவில் யாருக்கும் விளங்கவில்லை. சொல்லும் உரிமை யாருக்கு, அந்த ஆள் சொல்வது என்ன, இரண்டும் தெளிவாகாமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன்.

அன்று மாலை ஆரோக்கியமேரி ஒரு மெஸ்ஸுக்கு அழைத்துப்போனார். சென்னையில் நாங்கள் சின்ன வெங்காயத்தை எண்ணிப் போடுவோம். இங்கே சாம்பார் என்பது வெங்காயத்தின் நடுவே ஆங்காங்கே பருப்பு. இரண்டாம் முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். கிராம செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற ஆரோக்கியமேரிதான் எங்கள் நிறுவனத்துக்காக அந்தக் குடும்பத்தை விசாரித்தவர். அண்ணன் மகனை ஏன் கேட்டீர்கள் என்றேன்.

தெருவில் நின்றுதான் கேட்டாராம். செல்வராசுக்கு உரிமைப்பட்டவர் யார் என்று. மொத்தத் தெருவும் குமரேசன் என்றது. செல்வராசுக்கு மகன் இல்லை, ஒரே மகள். கொள்ளி வைத்தது அண்ணன் மகன் குமரேசன். கொள்ளி வைத்தவருக்குத்தானே செத்தவர்மேல் உரிமை?

"மனைவி ஒன்றும் சொல்லவில்லையா?"

"பூங்கோதையும் அங்கதாங்க நின்னுச்சு. அதுவும் குமரேசன்னுதான் சொல்லுச்சு." அப்பளத்தை உடைத்துக்கொண்டே, தான் கேட்ட விதத்தையும் சொன்னார். "ஒங்க சித்தப்பா சென்னையில இன்னும் உசுரோட வளர்றாருன்னு சொல்லித்தான் அந்தத் தம்பிட்ட ஆரம்பிச்சேன். புரியணுமேன்னு."

எனக்கு விக்கல் வந்தது.

மறுநாள் காலை மினி பஸ். குரும்பலூர் தாண்டியதும் ரோட்டில் பாதியை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டிருந்தது. களத்தில் இடமில்லாமல் தாரில் காயப்போட்டிருந்தார்கள். ஒரு வளைவில் சோளம் முழு ரோட்டையும் அடைத்திருக்க, டிரைவர் இறங்கி, குவியலுக்குச் சொந்தக்கார அம்மாவிடம் வழி கேட்டார். அவர் அவசரமின்றித் துடைப்பத்தால் ஒரு பஸ் அகலத்துக்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, நாங்கள் கடந்ததும் மறுபடி பரப்பினார். யாரும் கோபப்படவில்லை. சென்னையில் என்றால் அதற்குள் நான்கு பேர் படம் எடுத்திருப்பார்கள்.

சேதி எனக்கு முன்பே ஊருக்குள் போயிருந்தது. டீக்கடையில் நான் யார் என்று கேட்கவில்லை. செல்வராசை எப்போது கொண்டுவருகிறார்கள் என்று கேட்டார்கள். அப்படியே அச்சு அசலாக இன்னொரு ஆளைச் செய்யப்போகிறோம் என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது. மனிதரைப் படியெடுத்து உருவாக்க நம் நாட்டு நெறிமுறைகளில் அனுமதியே கிடையாது, அதற்கு யாரும் முயலவும் இல்லை என்று விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நம்பியதாகத் தெரியவில்லை.

"மீசையோட வருவாரா, கைக்கொழந்தையா வருவாரா?" என்றார் பெஞ்சில் இருந்த பெரியவர்.

"கொழந்தையாத்தான் வரணும்" என்றார் டீ ஆற்றுபவர்.

"அப்ப பூங்கோதை தாலி கட்டிக்கிறதா, தூளி கட்டுறதா?"

கடை சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். குழுவில் எங்கள் வழக்கறிஞர் ஒரு மணி நேரம் பேசியும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை, மனிதரைப் படியெடுக்கக் கூடாது என்று ஏன் விதி செய்திருக்கிறார்கள் என்பது.

பூங்கோதை வெங்காயக் காட்டில் இருந்தார். பிடுங்கிய வெங்காயத்தின் தாளை அறுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கலாம். வரப்பில் என்னை உட்காரவைத்து, கையோடு ஓர் அரிவாளையும் கொடுத்தார். சும்மா உட்கார்ந்து பேசினால் பேச்சு வராதாம். நான் அறுத்தவை எல்லாம் கோணல். அவர் ஒன்றும் சொல்லாமல் அவற்றை மறுபடி எடுத்துச் சரியாக அறுத்தார்.

கணவர் இறந்ததை அவரே சொன்னார். குவாரியிலிருந்து லோடு ஏற்றி வரும் வழியில் நெஞ்சு அடைத்திருக்கிறது. ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்து ஹாரன் அடித்தார்களாம். அவருடைய அப்பாவும் இப்படித்தான், ஏர் பிடித்தபடி. அண்ணன், அதாவது குமரேசனின் அப்பா, கல்யாணப் பந்தியில்.

நான் கொண்டுபோன விளக்கத்தைச் சொன்னேன். இரண்டு முறை நிறுத்தி, புரிகிறதா என்று கேட்டேன். மூன்றாம் முறை கேட்டபோது அவரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதுக்குச் சோறு யாருங்க வைக்கிறது?"

தட்டுகளில் ஒரு சத்துநீர் ஊற்றுவார்கள், சில நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அந்த வேலையை ஓர் ஆராய்ச்சி மாணவி பார்க்கிறாள் என்றேன். விடுமுறை நாளிலும் வந்து மாற்றுவாள், இல்லாவிட்டால் செத்துவிடும்.

"பொங்கலுக்குமா?"

"பொங்கலுக்கும் வந்திருப்பாள்."

அரிவாள் நின்றது. "பொங்கலுக்கு நாங்க அவருக்கு இங்க இலை போட்டோம்ங்க. கறிக்கொழம்பு, வடை, எல்லாம் வச்சு." கையிலிருந்த வெங்காயத்தைக் குவியலில் போட்டுவிட்டுச் சிரித்தார். "ரெண்டு எடத்துலயும் சாப்புட்டிருக்காரு மனுசன்."

அடுத்து அவர் கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. இதய உயிரணுவாக மாற்றினால் துடிக்குமா? துடிக்கும். வேறொருவருடையதை நானே நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். தட்டில் ஒரு பொட்டளவு இடம், தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். இதைச் சொன்னால் அவர் மனம் ஒரு பக்கம் சாயலாம். சொல்லாவிட்டால் நான் மறைத்ததாகும். சொன்னேன். அதில் நினைப்பு இல்லை, வலி இல்லை, அது அவர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அது தெரியும்ங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணி வுட்டா எஞ்சின் ஓடும். டிரைவர் உள்ள இருக்காருன்னா அர்த்தம்?"

மதியம் அவர் வீட்டில் கம்பஞ்சோறும் வெங்காயத் தாள் பொரியலும். மகள் பெரம்பலூரில் கல்லூரிக்குப் போயிருந்தாள். சாப்பிடும்போது, குமரேசனின் பதில்தான் உங்கள் பதிலுமா என்று கேட்டேன். தெருவில் கேட்டபோது அப்படித்தான் நினைத்தேன் என்றார். கை கழுவிவிட்டு வந்து, நாளைக்கு அரியலூர் போவோம், அவனிடம் நானே பேச வேண்டும் என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் அவர் குரலில் யோசனை தீர்ந்த ஒரு திடம் இருந்தது.

மூன்றாம் நாள் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பஸ். ஆரோக்கியமேரிக்கு முழங்கால் வலி, வரவில்லை. பாதி வழிக்கு மேல் லாரிகள்தான். சிமெண்டு ஆலைகளுக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகள் வரிசையாக நிற்க, அவற்றின் நடுவே எங்கள் பஸ் மாட்டிக்கொண்டது. ரோட்டோரத்துக் கருவேல மரங்கள் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தன. கண்டக்டர் படியில் உட்கார்ந்து செய்தித்தாளை முழுசாகப் படித்துவிட்டு, என் பக்கத்து இருக்கைக்காரருக்கு ராசிபலனும் வாசித்துக் காட்டினார். பூங்கோதை ஜன்னல் வழியே ஒவ்வொரு லாரியின் டிரைவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தார்.

லாரி ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பரோட்டா கடையில் குமரேசனைச் சந்தித்தோம். இருபத்தைந்து, இருபத்தாறு வயது, சித்தப்பாவைப் போல் அவரும் லாரி டிரைவர். சித்தியைக் கண்டதும் எழுந்து நின்று, மேசையைத் தன் துண்டால் துடைத்தார். எனக்கு வணக்கம் சொன்னார். சால்னா நன்றாக இருக்கும், சாப்பிடுங்கள் என்றார். சண்டைக்குத் தயாராக வந்திருந்த எனக்கு அந்த மரியாதை சங்கடமாக இருந்தது.

பேச்சைத் தொடங்கியதும் அவர்தான். திருமானூர் பக்கம் கொள்ளிடத்தில் இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் நின்று, சித்தப்பாவின் எலும்பையும் சாம்பலையும் கரைத்தவர் அவர். ஒரு வருடம் தாடி எடுக்கவில்லை. தலைத்திவசமும் கொடுத்தாகிவிட்டது. இப்போது வந்து மிச்சம் இருக்கிறது என்கிறார்கள்.

"நான் முழுசாக் கரைச்சுட்டேன்னு நெனச்சேன்ங்க. பாதி ஆளு அங்க இருந்தா, நான் செஞ்சது என்னா? அந்த பாட்டில குடுங்க. அதையும் கொண்டுபோயி கொள்ளிடத்துல வுட்டுட்டுத் தல முழுவிடறேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவர் சொன்னதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. எங்கள் வழக்கறிஞரிடம் நான் ஒருமுறை கேட்டேன், இறந்தவரின் உயிரணு யாருக்குச் சொந்தம் என்று. வீட்டுக்கும் நிலத்துக்கும் வாரிசு சொல்லலாம், தட்டில் வளரும் தோலுக்கு நேராகச் சொல்லும் சட்டம் தன் கண்ணில் படவில்லை என்றார். சட்டம் சொல்லாத இடத்தில் இந்த இளைஞரிடம் ஒரு வழக்கமாவது இருந்தது. அதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, பூங்கோதை பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"குமரேசா, நீ கொள்ளி வச்சது செத்ததுக்கு. அதுல ஒரு கொறையும் இல்ல, எம் புள்ளைக்கு மேல செஞ்ச. ஆனா இது சாகலடா. சாகாததுக்கு நீ எப்புடி கொள்ளி வைப்ப? அது சாகற மட்டும் நாந்தான் பொண்டாட்டி."

பக்கத்து மேசை டிரைவர்கள் சாப்பிடுவதுபோல் இருந்தார்கள்.

குமரேசன் தட்டிலிருந்த பரோட்டாவைத் துண்டு துண்டாகப் பிய்த்தார், வாயில் வைக்கவில்லை. கரைப்பது பற்றி மேற்கொண்டு பேசவில்லை. வேறொன்றைப் பேசினார், என்னைப் பார்க்காமல் சித்தியைப் பார்த்து.

"ஆராய்ச்சி பண்ணி, இது எங்க ரத்தத்துலயே இருக்குன்னு சொல்லுவாங்க. அப்பறம் எனக்கும் பாக்கணும்பாங்க. இருக்குன்னு வந்தா எவன் சித்தி எனக்குப் பொண்ணு குடுப்பான்? ஓனர் வண்டி குடுப்பாரா? ஓம் பொண்ணுக்கும்தான சொல்றேன்."

இதுதான் விஷயம் என்று அப்போதுதான் புரிந்தது. சோதனை முடிவை அவரவருக்கு மட்டுமே சொல்ல வேண்டும், பெயரை நீக்கித்தான் ஆய்வு செய்வார்கள், வேண்டாம் என்றால் தெரிந்துகொள்ளாமலே இருக்கவும் உரிமை உண்டு என்று சொன்னேன். தெருவில் நின்று கேட்டுவிட்டுப் போன பிறகு பெயரை எங்கிருந்து நீக்குவீர்கள் என்றார். சரியான அடி. முடிவைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தினால் காப்பாற்றும் சட்டம் இருக்கிறதா என்று கேட்டார். இதற்கென்று ஒன்றை என்னால் காட்ட முடியாது என்று உள்ளதைச் சொன்னேன்.

"கேட்டியா சித்தி? வண்டி போயிரும்."

"போவும்" என்றார் பூங்கோதை. "வண்டி இருக்காது. நீ இருப்ப."

குமரேசன் எழுந்தார். சாப்பிடாத பரோட்டாவுக்கும் எங்கள் டீக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, லோடு நிற்கிறது என்று போய்விட்டார். தெருமுனைவரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் சென்னை ரயிலுக்கு நேரம் இருந்தது. அரியலூர் ஸ்டேஷனில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, பூங்கோதை தன் பதிலைச் சொல்ல, நான் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டேன். இதயமாக மாற்றலாம். மருந்து தேடலாம். முகம் தெரியாத இடத்துக்கு அனுப்பக் கூடாது. அதை வைத்து மனிதர் யாரையும் செய்யக் கூடாது, சட்டம் நாளைக்கு மாறினாலும். தன் மகளை அவளாகக் கேட்காமல் சோதிக்கக் கூடாது. வேலை முடிந்த அன்று குப்பையில் போடக் கூடாது, எரிக்கவும் கூடாது. சொல்லி அனுப்ப வேண்டும், குமரேசன் வந்து வாங்கிக்கொள்வான், கொள்ளிடத்துக்கு.

கடைசி நிபந்தனையைப் பற்றிக் குழுத் தலைவரிடம் அங்கிருந்தே போனில் பேசினேன். ஆய்வுக்கூடப் பொருளை அப்படியெல்லாம் ஆற்றில் விட முடியாது, கழிவு விதிகள் இருக்கின்றன என்றார். கிருமி நீக்கி, பாதுகாப்பாக்கிக் கொடுக்க வழி உண்டா என்று கேளுங்கள், இல்லையென்று யார் சொன்னாலும் எழுத்தில் வேண்டும் என்றேன். இது முன்னுதாரணமாகிவிடும் என்றார். ஆகட்டும் என்றேன். நான்கு வருடமாக அந்தக் குழுவில் காற்புள்ளிகளைத் திருத்திக்கொண்டிருந்தவள் நான். எழுத்திலேயே கேட்கிறேன் என்று அவர் போனை வைத்தார்.

ரயில் வருவதாக அறிவித்தபோது நடைமேம்பாலப் படிக்கட்டில் குமரேசன் இறங்கி வந்தார். சட்டையில் வெள்ளைத் தூசி அப்படியே இருந்தது. கையில் பை எதுவும் இல்லை.

"அந்தச் சோதனை அரியலூர்ல வேணாம்ங்க. பெரம்பலூர்லயும் வேணாம். எல்லாரும் தெரிஞ்சவங்க. சென்னையில எங்க பண்ணுவாங்க?"

பெரிய அரசு மருத்துவமனைகளில் இதயப் பிரிவில் கேட்கலாம், எங்கள் ஆய்வுக்கும் அதற்கும் சம்பந்தம் வேண்டாம், ஆலோசனை சொல்பவரிடம் முதலில் பேசிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள் என்றேன். "உங்க வண்டி..." என்று இழுத்தேன். இரண்டு நாள் இன்னொருவன் ஓட்டுவான், மாமா கல்யாணம் என்று சொல்லியிருக்கிறேன் என்றார்.

நான் யாரையும் சோதனைக்கு அழைத்துப்போகக் கூடாது. தூண்டக் கூடாது. என் வேலை கேட்பதோடு முடிகிறது. அதே ரயிலில் ஒருவர் டிக்கெட் எடுத்து ஏறுவதைத் தடுக்கவும் எனக்கு அதிகாரம் இல்லை. அவர் பொதுப் பெட்டிக்குப் போனார், நான் என் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

பூங்கோதை எனக்கென்று கட்டி வந்திருந்த சோற்றுப் பொட்டலத்தை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஜன்னல் வழியே என் கையிலிருந்து வாங்கினார். ரயில் நகரத் தொடங்கியிருந்தது. பொதுப் பெட்டிவரை ஓட்டமாகப் போய் ஜன்னல் கம்பி வழியே அதைத் திணித்தார்.

"தின்னுட்டுப் போடா. ரத்தம் எடுப்பாங்க."